ஜெட் மாடலின் ரிசீவருக்கு இரட்டை பேட்டரி: படிப்படியாக இணைக்கும் முறை

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டர்பைன் ஜெட் மாடல் (ரிமோட்டில் ஓட்டும் சிறிய ஜெட் விமானம்) ஒரு நொடியில் 83 மீட்டரைக் கடந்துவிடும். விமானத்தில் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் அறுந்து, ரிசீவர் மறுபடி எழுந்து கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரைப் பிடிக்க இரண்டே நொடி ஆனாலும், அதற்குள் விமானம் 160 மீட்டர் தன் போக்கில் போயிருக்கும். வயிற்றில் லிட்டர் கணக்கில் மண்ணெண்ணெய் வேறு. விழுந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஜெட் ஓட்டுபவர்கள் ரிசீவருக்கு இரண்டு பேட்டரி வைக்கிறார்கள்.

ஆனால் இரண்டு பேட்டரி வைத்தால் மட்டும் போதாது. இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்து ஒரே ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோனால், கிணறு இரண்டு இருந்தும் கயிறு ஒன்றுதான் என்ற கதை. பேட்டரி, பிளக், ஸ்விட்ச், ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும் கருவி), ஒயர் என எது போனாலும் அந்தப் பக்கம் மட்டும்தான் சாக வேண்டும். மறுபக்கத்துக்கு எதுவும் தெரியக்கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

படி 1: சர்வோ எத்தனை வோல்ட் தாங்கும்?

பேட்டரி வாங்கும் முன் சர்வோவின் (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) விவரத்தாளைப் பாருங்கள். 6 வோல்ட் சர்வோவுக்கு முழு சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும் 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை நேராகக் கொடுத்தால் எரிந்துவிடலாம். எல்லா சர்வோவும் ரிசீவரும் அந்த வோல்டேஜைத் தாங்கும் வகை என்றால் நேராக இணைக்கலாம். இல்லையென்றால் ரெகுலேட்டர் வேண்டும். அதுவும் பேட்டரிக்கு ஒன்றாக இரண்டு.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது 2 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக். சாதாரண நிலையில் 6.6 வோல்ட், முழு சார்ஜில் 7.2. சர்வோ இதைத் தாங்குமானால் ரெகுலேட்டரே தேவையில்லை. பழுதாகக்கூடிய பொருள் ஒன்று குறைகிறது. லிப்போவைவிட எடை கொஞ்சம் கூடும், ஆனால் பல ஜெட் மாடல்களுக்கு எப்படியும் மூக்கில் எடை சேர்க்க வேண்டியிருக்கும். அந்த எடை பேட்டரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

படி 2: பேக்கின் அளவு

ஒரு பேக் மட்டுமே இருந்தாலும் முழு ஃபிளைட்டையும் தாங்க வேண்டும். சராசரியாக 3 ஆம்பியர் இழுத்தால் 8 நிமிடத்தில் 400 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) போகும். அந்தக் கணக்கில் 2500 எம்ஏஎச் பேக் இரண்டு தாராளம். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். வேகமாகப் பறக்கும்போது எலிவேட்டரையும் (வால் மடல்) எய்லரானையும் (இறக்கை மடல்) சேர்த்து இழுத்தால் எல்லா சர்வோவும் ஒரே நேரத்தில் கேட்கும். 10 ஆம்பியருக்கு மேல் எகிறுவது சாதாரணம். அதைக் கொடுக்கக்கூடிய செல்லாக வாங்குங்கள். இரண்டு பேக்கும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதாக இருக்கட்டும்.

படி 3: இரண்டு தனிப்பாதை

பேக் முதல் ரிசீவர் வரை ஒவ்வொன்றுக்கும் தனி பிளக், தனி ஸ்விட்ச், தனி ஒயர். சர்வோவுக்கு வரும் சின்ன மூன்று முள் பிளக் சில ஆம்பியருக்கு மேல் தாங்காது, சூடாகும். பேட்டரி பக்கம் எக்ஸ்டி30 மாதிரியான பிளக்கும் தடித்த ஒயரும் போடுங்கள். சால்டர் அடித்த இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, அந்த இடம் மடியாதபடி ஒயரைக் கட்டிவையுங்கள். டர்பைன் அதிர்வில் ஒயர் முதலில் ஒடிவது அங்கேதான்.

ஸ்விட்ச் எலெக்ட்ரானிக் வகையாக இருக்கட்டும். தள்ளும் ஸ்விட்சில் உள்ளே இருக்கும் தகடு நாளடைவில் தேயும். நல்ல எலெக்ட்ரானிக் ஸ்விட்சில் பொத்தான் ஒயர் அறுந்தாலும் ஆன் செய்த மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். வாங்கியதும் இதைத் தரையில் சோதித்துப் பாருங்கள்.

படி 4: சேரும் இடம்

எளிய வழி, ஒன்றை ரிசீவரின் பேட்டரி துளையிலும் மற்றொன்றை சர்வோ செருகாமல் காலியாக இருக்கும் சேனல் துளையிலும் செருகுவது. பாஸ்பேட் பேக்கில் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஒயர் அறுந்தாலோ பிளக் கழன்றாலோ இது காப்பாற்றும். ஆனால் ஒரு பேக்கில் ஒரு செல் ஷார்ட் ஆனால் அது 3.3 வோல்ட்டுக்கு இறங்கி, நல்ல பேக்கின் மின்சாரத்தையும் தனக்குள் இழுக்கும். இதைத் தடுப்பது, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு. ஷாட்கி டையோடு போட்டால் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை இழப்பீர்கள். மாஸ்ஃபெட் வகையில் இழப்பு மிகக் குறைவு. பவர்பாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இரண்டு உள்ளீடு, பிரிப்பு, ரெகுலேட்டர், எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தருகின்றன. விலை கூடத்தான். டர்பைன் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. டர்பைன் மாடலென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

படி 5: டர்பைனின் பேட்டரியைத் தொடாதீர்கள்

டர்பைனைக் கட்டுப்படுத்தும் ஈசியூவுக்குத் தனி பேட்டரி உண்டு. எரிபொருள் பம்பும் ஸ்டார்ட்டரும் அதில்தான் ஓடுகின்றன. அதிலிருந்து ரிசீவருக்கு ஒயர் எடுக்க வேண்டாம். சிக்னல் அறுந்தால் டர்பைன் அணையும்படி ஃபெயில்சேஃபை அமைத்துவிடுங்கள்.

படி 6: தரையில் சோதனை

டர்பைன் அணைந்திருக்கட்டும். இரண்டு ஸ்விட்சையும் ஆன் செய்யுங்கள். முதல் பேக்கின் பிளக்கைக் கையால் உருவி எடுங்கள்; ஸ்விட்சை அணைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. இப்போது டிரான்ஸ்மிட்டரின் இரண்டு குச்சிகளையும் மூலைக்கு மூலை வேகமாகச் சுழற்றி, ரிசீவர் வோல்டேஜை டெலிமெட்ரியில் (விமானம் டிரான்ஸ்மிட்டருக்குத் திருப்பி அனுப்பும் அளவுகள்) கவனியுங்கள். 6.6இலிருந்து 6.2க்கு இறங்கி உடனே ஏறினால் சரி. 5 வோல்ட் பக்கம் போனால் ஒயரோ பிளக்கோ பேக்கோ பலவீனம். அப்புறம் முதல் பேக்கைச் செருகி, இரண்டாவதை உருவி இதையே செய்யுங்கள். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் ஸ்விட்ச் அளவிலாவது இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் போன மாதமே செத்திருந்தாலும் தெரியாது. விமானம் மறுபக்கத்தில் சமர்த்தாகப் பறந்துகொண்டிருக்கும்.

படி 7: சார்ஜரைப் படியுங்கள்

பாஸ்பேட் பேக்கின் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், பிறகு சட்டென்று சரியும். அதனால் மீட்டரை வைத்து மீதம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பறந்து வந்ததும் இரண்டையும் தனித்தனியே சார்ஜ் செய்து, எத்தனை எம்ஏஎச் ஏறியது என்று குறித்துவையுங்கள். 420, 390 என்றால் இரண்டும் சுமையைப் பகிர்ந்திருக்கின்றன. 750, 60 என்று வந்தால் ஒரு பக்கம் சும்மா இருந்திருக்கிறது. ரெகுலேட்டர் உள்ளவர்கள் இரண்டின் வெளியீட்டு வோல்டேஜையும் முதலில் அளந்து பாருங்கள். ஒன்று சற்றே கூடுதலாக இருந்தால் சுமையில் பெரும்பகுதி அந்தப் பக்கமே போகும், அது பழுதில்லை. வோல்டேஜ் சமமாக இருந்தும் கணக்கு இப்படி வந்தால், குறைவாக ஏறிய பக்கத்தின் ஒயர், பிளக், ஸ்விட்ச் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். காரணம் கிடைக்கும்வரை அந்த விமானம் மேசையிலேயே இருக்கட்டும்.