பேஸ் கிட்டாருக்கு இரண்டாவது கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கும் முன்

ஆம்ப்பின் பின்னால், ஸ்பீக்கர் ஜாக் பக்கத்தில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்பதுபோலப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்; ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. அதை முதலில் பாருங்கள். 8 ஓம் கேபினட் இரண்டைப் பேரலலாக இணைத்தால் மொத்தம் 4 ஓம், சரி. 4 ஓம் கேபினட் இரண்டைப் போட்டால் 2 ஓம். குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போனதால் அந்த ஆம்ப் சூடேறிப் படுத்துவிடும். பிறகு இன்னொன்று சேர்க்கும் எண்ணமிருந்தால் முதல் கேபினட்டையே 8 ஓமில் வாங்குங்கள்.

ஆம்ப்பிலிருந்து கேபினட்டுக்குக் கிட்டார் கேபிள் போடவே கூடாது. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே நடுக்கம்பி மெல்லியது, சூடாகிவிடும். தனி ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும்.

அப்புறம், பெரிய மேடைக்கு இரண்டு கேபினட் தூக்கிக்கொண்டு அலைவது வீண் முதுகுவலி. ஆம்ப்பின் டிஐ அவுட்டிலிருந்து (மிக்சருக்கு நேராக சிக்னல் அனுப்பும் ஜாக்) மிக்சருக்கு ஒரு லைன் கொடுத்தால் கூட்டத்தை பிஏ (அரங்கின் பெரிய ஸ்பீக்கர் அமைப்பு) பார்த்துக்கொள்ளும். உங்கள் கேபினட் உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும்.