தழும்புக்கு 0 சதவீதம் என்று வி.ஏ. எழுதினால்: மேல்முறையீடு செய்யும் முறை

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, அதாவது வி.ஏ., ஒரு தழும்பு படைப்பணியால் வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கான இயலாமை மதிப்பீடாக (உதவித்தொகையைத் தீர்மானிக்கும் சதவீதம்) 0 சதவீதம் போட்டுக் கடிதம் அனுப்புவது சர்வ சாதாரணம். "பணித்தொடர்பு கிடைத்ததே போதும்" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வி.ஏ.வுக்காக மருத்துவர் செய்த பரிசோதனையின் அறிக்கையில் எழுதாமல் போன ஒன்றிரண்டு வரியே இப்படிப் பல முடிவுகளுக்குக் காரணம். அந்த வரிகளைச் சேர்த்துவிட முடியும்.

கடிதம் வந்ததும், எந்த டயக்னாஸ்டிக் கோடின் (பாதிப்பின் வகையைக் குறிக்கும் எண்ணின்) கீழ் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். தழும்புகளுக்கான விதி, கூட்டாட்சி விதித்தொகுப்பு 38-ஆம் தலைப்பில் பிரிவு 4.118. தலை, முகம், கழுத்து என்றால் 7800. உடலின் மற்ற இடங்களில், தோலுக்கு அடியில் உள்ள மென்திசுவும் சேதமாகியிருந்தால் 7801. அப்படி இல்லாவிட்டால் 7802. வலிக்கும் தழும்பு, மேல்தோல் அடிக்கடி உரிந்து புண்ணாகும் தழும்பு இரண்டும் 7804. தழும்பால் கை கால் அசைவு குறைவது, நரம்பு பாதிப்பது போன்றவை 7805 வழியாக அந்தந்த உறுப்பின் கோடுக்குப் போகும்.

பரப்பளவை மட்டும் நம்பினால் சதவீதம் கிடைப்பது கஷ்டம். 7802-இல் 10 சதவீதம் வாங்கவே 929 சதுர செ.மீ. வேண்டும். 7801-இல் 39 சதுர செ.மீ. இருந்தால் 10, 77 இருந்தால் 20, 465 இருந்தால் 30, 929 இருந்தால் 40. 10 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள அறுவைத் தழும்பு 10 சதுர செ.மீ.தான், எங்கும் எட்டாது. ஆனால் அதே தழும்பு வலித்தால் 7804-இல் அளவே கேட்பதில்லை, எண்ணிக்கைதான் கணக்கு. ஒன்று அல்லது இரண்டுக்கு 10, மூன்று அல்லது நான்குக்கு 20, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 30. அவற்றில் ஒரு தழும்பாவது வலிப்பதோடு தோலும் உரிகிறது என்றால் மேலும் 10 சேரும்.

ஆகவே ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியாக எண்ணுங்கள். மூட்டு அறுவையில் துளை வழியாகக் கருவி நுழைத்த இடங்கள் சிறு புள்ளிகளாக இருக்கும்; அவற்றை "முழங்கால் தழும்பு" என்று ஒன்றாக எழுதிவிடுவதுண்டு. வலிக்கும் புள்ளிகள் மூன்று என்றால் 10-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசமே அதுதான். பணித்தொடர்புள்ள நோய்க்காகப் பிற்பாடு செய்த அறுவையின் தழும்பும் இரண்டாம்நிலைத் தொடர்பாகக் கணக்கில் வரும்.

அடுத்து, பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்குங்கள். படிவம் 20-10206 மூலம் உங்கள் கோப்பைக் கேட்கலாம். "தழும்பு வலிக்கிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்திருப்பார்கள். காரணம் பல சமயம் எளியது: மருத்துவர் கேட்ட நிமிடத்தில் வலி இல்லை. இதைச் சரிசெய்ய படிவம் 21-10210-இல் வாக்குமூலம் எழுதுங்கள். வலி இருக்கிறதா என்று சொல்ல வீரருக்கே தகுதி உண்டு. மருத்துவர் சான்று கட்டாயமில்லை. "தழும்பு மிகவும் வலிக்கிறது" என்று மட்டும் எழுதுவது பயன்படாது. "வலது முழங்காலின் உட்புறம் 7 செ.மீ. தழும்பு. பேண்ட் துணி உரசினாலே தோலில் எரிச்சல். மண்டியிட்டால் ஊசி குத்துவதுபோல் வலி. மாதம் இரண்டு மூன்று முறை மேல்தோல் பிளந்து நீர் கசிகிறது" என்பதுபோல் எழுதுங்கள்; உங்களுக்கு உண்மையில் நடப்பதை மட்டுமே எழுதுங்கள். தோலின் வலியையும் மூட்டின் வலியையும் பிரித்துக் காட்டுவது மிக முக்கியம். ஒரே பாதிப்புக்கு இருமுறை சதவீதம் தரப் பிரிவு 4.14 தடை விதிக்கிறது. இரண்டையும் கலந்து எழுதினால், அந்த வலிக்கு மூட்டுக்கே கொடுத்தாயிற்று என்று தள்ளிவிடுவார்கள். தோல் பிளந்திருக்கும் நாளிலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

முகத் தழும்புக்கு எட்டு அடையாளங்கள் உண்டு: 13 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளம், குறைந்தது 0.6 செ.மீ. அகலம், தடவினால் மேடு அல்லது பள்ளம், அடித்திசுவோடு ஒட்டியிருத்தல், மற்ற நான்கும் 39 சதுர செ.மீ.-க்கு மேல் இருக்க வேண்டியவை, அதாவது நிறமாற்றம், தோலின் தன்மை மாறுதல், அடித்திசு இழப்பு, இறுகிய தோல். ஒன்று இருந்தால் 10. இரண்டு மூன்றுக்கு 30. நான்கு ஐந்துக்கு 50. ஆறும் அதற்கு மேலும் என்றால் 80. மேடு பள்ளத்தை விரலால் தடவித்தான் அறிய முடியும். கண்ணால் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையில் அது விடுபட்டிருக்கலாம். திருத்தம் செய்யாத வண்ணப் படங்களையும் பரிசீலிக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது, எனவே அவசியம் இணையுங்கள்.

முகத் தழும்பு வலிக்கவும் செய்தால் 7800-உம் 7804-உம் தனித்தனியாகக் கிடைக்கும். 1994-இல் எஸ்டபான் எதிர் பிரவுன் வழக்கில் உருக்குலைவு, வலிக்கும் தழும்பு, மெல்லுவதைப் பாதித்த தசைச் சேதம் மூன்றுக்கும் தனி மதிப்பீடு உண்டு என்று தீர்ப்பானது. ஆனால் சதவீதங்களை நேராகக் கூட்டமாட்டார்கள்; முதலாவது போக மீதியில்தான் அடுத்ததைக் கணக்கிடுவார்கள். 30-உம் 20-உம் சேர்ந்தால் 44. அதோடு 10 சேர்ந்தால் 50.

எந்த வழியில் போவது? 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள். புதிய, தொடர்புடைய சான்று இருந்தால் துணைக் கோரிக்கை, படிவம் 20-0995. வாக்குமூலமும் படங்களும் கையில் இருப்பவர்களுக்கு இதுவே சரி என்பது எங்கள் கருத்து. கோப்பில் எல்லாம் இருந்தும் தவறாகக் கணக்கிட்டிருந்தால் உயர்நிலை மறுஆய்வு, படிவம் 20-0996. அங்கே புதுச் சான்று ஏற்கமாட்டார்கள். படங்களை இதோடு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வீண். மூன்றாவது மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. இங்கே புதுச் சான்று சேர்க்க அனுமதிக்கும் விசாரணைப் பிரிவைத் தேர்ந்தால் அந்தப் படிவம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாட்கள் கிடைக்கும்.

மூன்றிலும் ஓராண்டுக் கெடு முக்கியம். கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணுங்கள். துணைக் கோரிக்கையை அதற்குப் பிறகும் போடலாம். ஆனால் நிலுவைத் தொகை, அதாவது கடந்த மாதங்களுக்குச் சேர வேண்டிய பணம், பழைய கோரிக்கைத் தேதியிலிருந்து வராமல், பொதுவாகப் புதிய தேதியிலிருந்தே வரும். வாரியமும் மறுத்தால் 120 நாட்களுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.

உதவிக்கு டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக வாதாடுவார்கள். முதல் கோரிக்கையைத் தயாரிக்கவே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வழக்கறிஞர் கட்டணம் முதல் முடிவு வந்த பிறகே வாங்கலாம், அதிலும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்று எடுத்துக்கொள்ளப்படும்.