சந்தியாகோவுக்கு நடக்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகள் இவை

பிரான்ஸில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய சான் ஜான் பியே தெ போர் என்ற சிற்றூரில் கிளம்பி, வடக்கு ஸ்பெயின் முழுக்க நடந்து, சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தில் போய் முடிகிற பாதை கமீனோ. ஏறக்குறைய 780 கிலோமீட்டர், சுமார் ஐந்து வாரம். இயேசுவின் சீடர் யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் நடக்கிறார்கள். சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் நிறைய வருகிறார்கள். நான் நடந்தது ஒரே ஒரு தடவை. ஆனால் செய்யக்கூடாததை ஒன்று விடாமல் செய்தேன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் மூட்டை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதே என்பார்கள். என் எடை 62 கிலோ, பை 11 கிலோ. முதல் நாளே பைரனீஸ் மலை: ரொன்செஸ்வாயெஸ் வரை 25 கிலோமீட்டர், அதில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அன்று ராத்திரி பையைக் கவிழ்த்துப் பார்த்தால், பாதிப் பொருள் 'ஒருவேளை' என்ற வார்த்தைக்காக வந்தவை. ஒருவேளை குளிர்ந்தால் மூன்றாவது ஸ்வெட்டர், ஒருவேளை போரடித்தால் இரண்டு தடிப் புத்தகம். சில நாளில் வந்த ஊர் ஒன்றின் தபால் நிலையத்தில் மூன்று கிலோவைப் பார்சல் கட்டி சந்தியாகோவுக்கு அனுப்பினேன். அந்த ஸ்வெட்டரை அப்புறம் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அடுத்தது கால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதியில் ஊர் திரும்புகிறவர்கள் பலரைத் திருப்பி அனுப்புவது இதுதான். குதிகாலின் ஓரத்தில் முதலில் லேசாகச் சுடும். வலி என்று சொல்ல முடியாது, ஒரு உறுத்தல். இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். போய்ச் சேர்ந்து சாக்ஸைக் கழற்றினால் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம், அதற்குள் அது உடைந்தும் இருந்தது. சுட்ட இடத்திலேயே உட்கார்ந்து, காலை உலர்த்தி, ஒரு டேப் ஒட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. நான் கொடுத்த விலை ஆறு நாள் நொண்டல். உராய்வு, சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்தால் தோல் பிரிந்துவிடும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது வேண்டாம். நடக்க நடக்கப் பாதம் வீங்குமாதலால் ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். வீட்டிலும் ஆபீசிலும் இப்படி எத்தனை உறுத்தலை 'ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளியிருக்கிறேன் என்று அந்த ஆறு நாளும் கணக்குப் போட்டேன். கணக்கு நன்றாக இல்லை.

பிறகு ஓட்டம். யாத்திரிகர் விடுதிகளை அல்பெர்கே என்பார்கள். ஊராட்சி நடத்துகிறவற்றில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதல் கட்டில். அதனால் விடிகாலை ஐந்து மணிக்கே பிளாஸ்டிக் பை சரசரக்க ஆட்கள் கிளம்புவார்கள். நானும் அந்தப் பந்தயத்தில் சேர்ந்தேன். எங்களுக்கு முன்னும் பின்னுமாக ஒரு கொரியப் பாட்டி வந்துகொண்டிருந்தார். நிற்கிற இடத்திலெல்லாம் ஷூவைக் கழற்றிக் காலுக்குக் காற்று காட்டுவார். நான் முழங்கால் வீங்கி லொக்ரோன்யோவில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பாட்டி தெருவில் போய்க்கொண்டிருந்தார். முயல் ஆமைக் கதைதான், சிரித்துக்கொள்ளுங்கள்.

பூர்கோஸிலிருந்து லெயோன் வரைக்கும் மெசேத்தா என்ற மேட்டுச் சமவெளி. கோதுமை வயல், வானம், நிழலே அரிது. 'சலிப்பு' என்று பலர் இதை பஸ்ஸில் தாண்டுகிறார்கள். உடம்பு முடியாதவர்களைச் சொல்லவில்லை. ஆனால் சலிப்புக்குப் பயந்து தாண்டுவது தவறு என்பேன். முதல் நாள் பாட்டு, இரண்டாம் நாள் வங்கிக் கணக்கு, மூன்றாம் நாள் அண்ணனோடு பத்து வருடத்துக்கு முன் போட்ட சண்டை வரிக்கு வரி வந்தது. நாலாம் நாள் காலடிச் சத்தம் மட்டும். இவ்வளவு தூரம் வந்ததே அந்த நாலாம் நாளுக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

போனையே பார்த்து நடக்காதீர்கள். வழியிலுள்ள ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பாதிரியார் எலியாஸ் வலின்யா 1980-களில் மஞ்சள் பெயின்ட்டோடு போய் அம்புக்குறி போட ஆரம்பித்தார். இன்று சுவர், மரம், கல் எங்கும் அது இருக்கிறது. வரைபடத்தில் கண் வைத்து அம்பைத் தவறவிட்டு மூன்று கிலோமீட்டர் அதிகம் நடந்தவன் சொல்கிறேன். வழிநெடுக யாத்திரிகர் அட்டையில் முத்திரை வாங்கவும் மறக்காதீர்கள்: நடந்து முடித்ததற்கான சான்றிதழுக்கு குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முத்திரை.

சந்தியாகோவுக்கு 115 கிலோமீட்டர் இருக்கும்போது சாரியாவில் புதுக்கூட்டம் சேரும். பளிச்சென்ற ஷூ, சின்னப் பை. பழைய ஆட்களுக்கு ஒரு இளக்காரம் வரும், எனக்கும் வந்தது. ஒரு பெண்ணிடம் "இவ்வளவு தூரம்தானா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு வேலையில் கிடைத்த லீவே ஏழு நாளாம். வாயை மூடிக்கொண்டேன்.

ஞானம் எந்த இடத்தில் கிடைக்கும் என்று முன்கூட்டியே குறித்து வைப்பதும் ஒரு தவறு. 1,500 மீட்டர் உயரத்தில் குரூஸ் தெ ஃபெர்ரோ என்ற இரும்புச் சிலுவை, உயரமான மரக்கம்பத்தின் உச்சியில். வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் போட்டு மனச்சுமையை இறக்குவார்கள். என் அப்பாவை நினைத்துக் கல்லைப் போட்டேன். அழுகை வரும் என்று நின்றேன். பின்னால் போட்டோவுக்கு வரிசை. வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து விடுதித் தொட்டியில் சாக்ஸ் துவைத்துக்கொண்டிருந்தபோது, சோப்புக் கையோடு, வந்தது.

கடைசியாக, போய்ச் சேர்ந்த மறுநாளே விமானம் ஏறாதீர்கள். அங்கேயே ரெண்டு மூன்று நாள் தங்குங்கள், முடிந்தால் ஃபினிஸ்தெரே கடற்கரை வரை இன்னொரு 90 கிலோமீட்டர் நடங்கள். நான் மறுநாளே ஏறினேன். வீட்டுக்கு வந்த முதல் காலை, இருட்டோடு எழுந்து ஷூ மாட்டித் தெருமுனை வரை போய்விட்டு, மின்கம்பத்தில் அம்புக்குறியைத் தேடிக்கொண்டு நின்றேன்.