கதவடைப்புச் செய்தியைப் படிக்கும் முறை

"கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவன் ஸ்ட்ரைக் செய்தால் நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். நியாயமான எரிச்சல்தான். ஆனால் அமெரிக்க லீகுகளில் வீரர் சங்கமும் அணி முதலாளிகளும் மோதும்போது வரும் செய்திகளில் பாதி, இரண்டு தரப்பும் வேண்டுமென்றே கசியவிடுவது. ஆலைத் தொழிற்சங்கத்தில் துணைச் செயலாளராக இருந்து ஊதியப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பேஸ்பால் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தொகையில் எத்தனை சைபர் கூடினாலும் பேரம் நடக்கிற விதம் பழகியதாகவே இருக்கிறது. அந்தச் செய்திகளை நான் எந்த வரிசையில் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில், ஆட்டத்தை நிறுத்தியது யார் என்று பாருங்கள். வீரர்கள் வர மறுத்தால் வேலைநிறுத்தம். முதலாளிகள் பூட்டுப் போட்டால் கதவடைப்பு. ரசிகர்கள் இரண்டையும் ஸ்ட்ரைக் என்றே பேசுவதால் பழி எப்போதும் வீரர்கள் தலையில் விழுகிறது. 2004-05-ல் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி சீசன் முழுக்க ரத்தானதே, அது முதலாளிகள் போட்ட பூட்டு. 2011-ல் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து), என்.பி.ஏ. (கூடைப்பந்து) இரண்டிலும் அப்படித்தான். பேஸ்பாலில் 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை நீண்ட 99 நாள் முடக்கமும் அப்படித்தான்.

அடுத்து தேதி. இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், பாதி விஷயம் இங்கேயே புரிந்துவிடும். பேஸ்பால் வீரருக்குச் சம்பளம் சீசன் நடக்கும் மாதங்களில் வருகிறது. முதலாளிகளோ அக்டோபரில் நடக்கும் இறுதிச் சுற்றுகளின் டிவிப் பணத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். ஆகவே வீரர் சங்கம் நிறுத்துவதென்றால் சம்பளத்தில் பெரும்பகுதி கைக்கு வந்த பிறகு, அக்டோபருக்கு முன்னால் நிறுத்தும். 1994-ல் அவர்கள் வெளியே வந்தது ஆகஸ்ட் 12. இன்னொரு கணக்கும் இருந்தது. சும்மா இருந்தால் சீசன் முடிந்ததும் முதலாளிகள் "பேச்சு முறிந்தது" என்று அறிவித்து, ஒரு அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்ற ஊதிய உச்சவரம்பைத் தாங்களாகவே அமல்படுத்திவிடுவார்கள் என்ற பயம். டிசம்பரில் முதலாளிகள் செய்ததும் அதுவே. 1904-க்குப் பிறகு முதல் தடவையாக, பேஸ்பால் சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் நடக்கவில்லை. 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லோருக்கும் மேலே இருந்த மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியின் ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.

முதலாளிகள் பூட்டுவதென்றால் நேர் எதிராக, ஆட்டமே இல்லாத மாதத்தில் பூட்டுவார்கள். 2011-ல் என்.எஃப்.எல். மார்ச்சில் பூட்டியது. அப்போது அவர்களுக்கு டிக்கெட் வசூல் நட்டம் எதுவும் கிடையாது. சீசன் நெருங்க நெருங்கத்தான் சம்பளம் நின்றுபோகும் பயம் வீரர்களுக்கு வரும். "பேச்சில் முன்னேற்றம் இல்லை" என்று மே மாதம் செய்தி வந்தால் கவலைப்படாதீர்கள். அந்த மாதத்தில் இறங்கிவர யாருக்கும் அவசரம் இல்லை. முதல் ஆட்டம் ரத்தாகப்போகும் நாள் எது, முதல் சம்பளம் தவறப்போகும் நாள் எது என்று இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பேரம் அந்த நாள்களை ஒட்டித்தான் நடக்கும்.

யாரிடம் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதையும் தேடிப் பாருங்கள். அதே என்.எஃப்.எல். கதவடைப்புக்கு முன்னால், ஆட்டம் நடக்காவிட்டாலும் சுமார் 400 கோடி டாலர் வந்துசேரும்படி டிவி நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள் முதலாளிகள். அது வீரர்களுக்கு இழைத்த ஒப்பந்த மீறல் என்று 2011 மார்ச் 1 அன்று நீதிபதி டேவிட் டோட்டி தீர்ப்பளித்தார். தலைப்புச் செய்தியெல்லாம் சம்பளத்தைப் பற்றியே இருந்தபோது, என்னைப் பொறுத்தவரை அந்த வருடத்தின் முக்கியமான செய்தி இதுதான்.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். "வீரர்களின் பங்கு 57-லிருந்து 50-க்கு இறங்கியது" என்ற மாதிரி ஒரு வரி வரும். என்.பி.ஏ.யில் 2011-ல் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. லீகின் வருவாய் 400 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதவீதம் வருடத்துக்கு 4 கோடி. ஏழு சதவீதம் 28 கோடி, பத்து வருட ஒப்பந்தத்தில் 280 கோடி. "ரெண்டு மூணு சதவீதத்துக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எதில் 57 சதவீதம் என்று. என்.எஃப்.எல்.லில் பழைய முறைப்படி முதலாளிகள் செலவு என்ற பெயரில் 100 கோடி டாலருக்கு மேல் முதலில் எடுத்துக்கொண்டு, மீதியில்தான் சுமார் 60 சதவீதம் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். 2011-ல் அந்தக் கழிவை இன்னும் 100 கோடி கூட்டச் சொன்னார்கள். கடைசியில் கழிவே இல்லாமல், மொத்த வருவாயில் ஏறக்குறைய 47, 48 சதவீதம் என்று முடிந்தது. அறுபது நாற்பத்தெட்டாகிவிட்டதே என்று பார்த்தவுடன் அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு தொகையின் சதவீதம். எங்கள் போனஸ் பேச்சிலும் நிர்வாகம் எந்தெந்தச் செலவை முதலில் கழிக்கிறது என்பதில்தான் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவோம். சதவீதம் கடைசி அரை மணி நேரத்து விஷயம்.

"எங்களுக்கு நட்டம்" என்று முதலாளிகள் சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம், உடனே சிரிக்கவும் வேண்டாம். 2002-03 சீசனில் அணிகளுக்கு 27.3 கோடி டாலர் நட்டம் என்று என்.எச்.எல். ஒரு அறிக்கை வெளியிட்டது. எழுதியது ஆர்தர் லெவிட், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னாள் தலைவர். ஆனால் அவரை அமர்த்தியது லீக். வீரர் சங்கம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. என்.பி.ஏ.யும் 2011-ல் 30 அணிகளில் 22 நட்டத்தில் ஓடுகின்றன என்றது. மூன்றே வருடத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியை ஸ்டீவ் பால்மர் 200 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். 1981-ல் முந்தைய முதலாளி அதை வாங்கிய விலை 1.25 கோடி. இன்னொன்று, அணி வாங்கிய விலையை அமெரிக்க வரிச் சட்டப்படி 15 ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாகக் காட்டலாம். கையை விட்டுப் போகாத பணமும் ஏட்டில் நட்டமாக நிற்கும். அதனால் ஆண்டு நட்டக் கணக்கைப் படித்த கையோடு, கடைசியாக ஒரு அணி என்ன விலைக்குக் கைமாறியது என்றும் பாருங்கள்.

சண்டை எப்போதும் பணத்துக்காக மட்டும் இல்லை. ஒரு வீரர் எத்தனை வருடம் கழித்து, பிடித்த அணிக்குப் போகலாம் என்பதும் பெரிய கேள்வி. செயின்ட் லூயிஸ் அணி 1969-ல் தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து பேஸ்பால் வீரர் கர்ட் ஃப்ளட் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1972-ல் தோற்றார். 1975 டிசம்பரில், தொழில் தகராறைத் தீர்க்கும் ஒரு நடுவரின் தீர்ப்பு, வீரரை ஒரே அணியோடு கட்டிப்போட்ட அந்த முறையை உடைத்தது. இன்றும் பேஸ்பாலில் அந்தச் சுதந்திரம் கிடைக்க ஆறு சீசன் ஆட வேண்டும். ஒப்பந்தச் செய்தியில் இந்த வருடக் கணக்கு மாறியிருக்கிறதா என்று தேடுங்கள்.

"வீரர் சங்கம் கலைந்தது" என்று ஒரு நாள் தலைப்பு வரலாம். அது தோல்வி அல்ல, வழக்குப் போடும் தந்திரம். சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இருக்கும்வரை, ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் லீகைத் தொடுவது கஷ்டம். வீரர்களுக்காகப் பேசும் பொறுப்பிலிருந்து சங்கம் விலகிக்கொண்டால் தனித்தனி வீரர்கள் அந்தச் சட்டத்தில் வழக்குப் போடலாம். என்.பி.ஏ. வீரர் சங்கம் 2011 நவம்பர் 14 அன்று அப்படி விலகியது, 26-ஆம் தேதி உடன்பாடு எட்டிவிட்டது.

யார் முதலில் சளைப்பார்கள் என்று கணிக்க விரும்பினால், நட்சத்திரங்களின் பேட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1987-ல் என்.எஃப்.எல். வீரர்கள் 24 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மாற்று ஆட்களை வைத்து மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். ஜோ மொன்டானா போன்ற பெரிய பெயர்களே மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் சங்கம் நீதிமன்றத்துக்குப் போய், வீரர்கள் விரும்பிய அணிக்கு மாறும் உரிமையை 1993-ல் வாங்கியது. கூடவே உச்சவரம்பும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உடன்பாடு வந்த பிறகு படிப்பதை நிறுத்திவிடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, குறைந்தபட்ச ஊதியம் என்ன ஆனது, ஓட்டெடுப்பில் யார் எந்தப் பக்கம். 2022 பேஸ்பால் ஒப்பந்தத்தின் கடைசி நாள் 2026 டிசம்பர் 1. குறைந்தபட்ச ஊதியம் 5,70,500 டாலரிலிருந்து 7 லட்சத்துக்கு ஏறியது. ஓட்டெடுப்புதான் சுவாரசியம். மேக்ஸ் ஷெர்சர், கெரிட் கோல் போன்ற பெரிய சம்பள நட்சத்திரங்கள் இருந்த, எட்டுப் பேர் கொண்ட சங்கச் செயற்குழு ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்றது. அணிக்கு ஒருவராக வந்த 30 பிரதிநிதிகளில் 26 பேர் சரி என்றார்கள். ஒப்பந்தம் 26-க்கு 12 என்று நிறைவேறியது.