சென்னை டு கொடைக்கானல்: மின்சாரக் காருக்கு ஒரு யூனிட் கணக்கு

மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான். எதையும் யூனிட்டில் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும். மின்சாரக் காரில் நெடுந்தூரம் கிளம்புகிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். டிஸ்ப்ளே காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல வண்டிகளில் அது இதுவரை நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது.

என் வண்டியில் 45 யூனிட் (கிலோவாட் ஹவர், kWh) பேட்டரி. நாற்கரச் சாலையில் 80-ல் போனால் யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் கிடைக்கும். 100-ல் போனால் ஐந்தரைக்கு இறங்கிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, அதனால்தான். ஆடி மாதம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மியைப் பறக்கவைக்கும் காற்று, திருச்சி தாண்டியதும் எதிரில் வந்து நிற்கும். திட்டம் போட, யூனிட்டுக்கு 6 என்று வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள். உளுந்தூர்பேட்டை சுமார் 200 கிலோமீட்டர். அங்கே வேக சார்ஜரில் வண்டியை மாட்டிவிட்டுக் காலை டிபனை வைத்துக்கொண்டால், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பெரும்பகுதி ஏறியிருக்கும். 80 சதவீதத்தில் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் பேட்டரி தானே வேகத்தைக் குறைத்து வாங்கும். காத்திருப்பது வீண், பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல். மதியச் சாப்பாடு திருச்சியில், அடுத்த சார்ஜும் அங்கேயே.

எந்த இடத்தில் நிறுத்துவதானாலும், அந்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் போய்ச் சேர அடுத்த சார்ஜர் எது என்பதைக் கிளம்பும்போதே குறித்துவையுங்கள். பிளக்‌ஷேர் செயலியில் அந்த இடத்தில் கடைசியாக யார், எப்போது சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். டாடா பவர், ஜியான் என்று வழியில் வரும் நிறுவனங்களின் செயலிகளில் முன்கூட்டியே பணம் போட்டுவையுங்கள். வெயிலில் சார்ஜர் முன் நின்று ஓடிபிக்குக் காத்திருப்பது பெரும் அவஸ்தை. பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் மாலை இந்தச் சாலைப் பக்கமே வேண்டாம்.

இனி மலை. திருச்சியிலிருந்து திண்டுக்கல் 100 கிலோமீட்டர், அங்கிருந்து கொடைக்கானல் 95 சொச்சம். அதில் கடைசி 50 கிலோமீட்டர் மலைப்பாதை, ஏற்றம் ஏறக்குறைய 1,800 மீட்டர். ஆட்கள், பெட்டிகளோடு 1,600 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 8 யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 9. தூரத்துக்கான 8 யூனிட் தனி. ஆக மலைக்கு 17, அதற்கு முந்தைய சமதளத்துக்கு 8, மொத்தம் 25 யூனிட். திருச்சியில் ஏற்றியதில் மிச்சமிருப்பது இதற்குப் போதாது. திண்டுக்கல்லில் ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்தி, 80 சதவீதத்தோடு கிளம்புங்கள். மேலே போய்ச் சேரும்போது கையில் 20 சதவீதத்துக்குமேல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் இருந்தால்தான் மூடுபனியிலும் போக்குவரத்து நெரிசலிலும் மனம் அமைதியாக இருக்கும்.

அறை பதிவு செய்யும்போதே, கார் நிறுத்தும் இடத்தில் 15 ஆம்பியர் பாயிண்ட், எர்த்தோடு இருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் மின்சாரத்தை எடுக்காது. அது உங்கள் பாதுகாப்புக்குத்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மாட்டி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது, உடனே ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். எத்தனையோ சாக்கெட்டுகள் கருகிப் போனதைப் பார்த்தவன் சொல்கிறேன், இதில் அலட்சியம் வேண்டாம். நல்ல பாயிண்ட் என்றால் ஒரு ராத்திரியில் 25 யூனிட்டுக்குமேல் ஏறிவிடும்.

ஆனால் திரும்பும் நாளில் 100 வரை ஏற்றாதீர்கள், 80 போதும். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை, பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். ரீஜென்னை உச்சத்தில் வைத்து நிதானமாக இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். கீழே வரும்போது 4, 5 யூனிட் கூடியிருக்கும்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அதையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.