பாடலாசிரியருக்கு நினைவு இசைமாலை வைக்கிறீர்களா? இந்தப் பிழைகளைக் கவனியுங்கள்

ஒரு பாடகர் மறைந்தால் அவருக்கு நிகழ்ச்சி வைப்பது ஓரளவு சுலபம். அவர் பாடியவை எவை என்று ஊருக்கே தெரியும். பாட்டு எழுதியவரின் விஷயம் அப்படியில்லை. வரிகள் எல்லாருடைய வாயிலும் இருக்கும். எழுதியது யார் என்று கேட்டால் பாடியவரின் பெயரைச் சொல்வார்கள். பாட்டு போகுமுன் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று பெயரையும் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கம் தேய்ந்தபோது முதலில் காணாமல் போனது எழுதியவரின் பெயர்தான்.

கொழும்பில் நடக்கும் நினைவு இசைமாலைகள் சிலவற்றிலும் இதுவே நடக்கிறது. யார் நன்றாகப் பாடினார், பிரதம விருந்தினராக யார் வந்தார் என்று பேசிக்கொண்டு சனம் வீட்டுக்குப் போகிறது. யாருக்காகக் கூடினார்களோ அவருடைய ஒரு வரிகூட அவர்களோடு போவதில்லை. இனி வரும் பிழைகள் எல்லாம் கொண்டுபோய் விடுகிற இடம் அதுதான்.

கொப்பியில் இருப்பதெல்லாம் அவருடையதா?

குடும்பத்தார் ஒரு பழைய கொப்பியைத் தருவார்கள். அவருடைய கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் பாட்டுகள் இருக்கும். எல்லாவற்றையும் அவர் பெயரில் போட்டு அழைப்பிதழும் அடித்துவிடுவோம். ஆனால் பாட்டு எழுதுகிறவர்கள் பிறருடைய பாட்டையும் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு சந்தம் பிடித்துப் போயிருக்கும், அல்லது மெட்டுக்குள் சொல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க எழுதியிருப்பார்கள். அறிவித்துப் பாடி முடித்த பிறகு மூன்றாம் வரிசையில் ஒருவர் எழும்பி, "அது எங்கட அப்பா எழுதினது" என்றால் அந்த மேடையில் யாருக்கும் முகம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் கொப்பிக்கு வெளியே இன்னொரு ஆதாரம் வேண்டும். கசெட் உறை, அச்சான பிரதி, ஒலிப்பதிவுக்குள் இருந்த ஒருவரின் வாக்கு என ஏதாவது ஒன்று.

இந்தத் தேடல் கொழும்பில் கடினமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1983 யூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது கையெழுத்துப் பிரதிகளும் பெரிய சுருளில் சுற்றிய ஒலிநாடாக்களான ஸ்பூல் ரேப்புகளும் சேர்ந்தே போயின. தப்பியவை குடும்பங்களோடு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய், அங்கே யாருடைய அலுமாரியிலோ கிடக்கின்றன. அதனால் நிகழ்ச்சிக்கு மூன்று கிழமை இருக்கும்போது தேடத் தொடங்குவது பயன் தராது. ஆறு மாதம் முன்னரே வெளிநாட்டு உறவினருக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி போக வேண்டும். "ஏதாவது இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பாட்டின் முதல் வரி, பாடியவர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இங்கேயே தேட இரண்டு இடங்கள் உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் விழா மலர்களும் பெருந்தொகையாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். தேடும்போது இயற்பெயரில் மட்டும் தேடி நிறுத்திவிடுவது இன்னொரு பிழை. ஈழத்துக் கவிஞர் சில்லையூர் செல்வராசன் 'தான்தோன்றிக் கவிராயர்' என்றும் அறியப்பட்டவர். அவரைப்போல் புனைபெயரில் எழுதிய அரச ஊழியர்களும் பத்திரிகைக்காரர்களும் பலர். நீங்கள் நினைவுகூரும் பாடலாசிரியருக்கு எத்தனை பெயர் இருந்தது என்பதை மனைவியைவிட அவருடன் வேலை செய்த நண்பர்கள் சிலவேளை நன்றாக அறிந்திருப்பார்கள்.

பட்டியல் சிறிதாகிவிட்டது என்று பயந்து இந்தியச் சினிமாப் பாட்டுகளைச் செருகுவதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. கண்ணதாசனுக்கு இங்கே ஆண்டு முழுக்க மேடை உண்டு. உறுதியான பாட்டு பத்துத்தான் என்றால் பத்தோடு நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சிக்கு அது போதும்.

ரேப்பை நம்பிச் சுருதி வைப்பது

பழைய பதிவை வாத்தியக்காரர்களுக்கு அனுப்பி "இதே மாதிரி வாசியுங்கோ" என்று விடுவது வழக்கம். கசெட் பிளேயர் ஆறு வீதம் வேகமாக ஓடினால் பாட்டின் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும் (கட்டை என்பது சுருதியின் அளவு). அதிலிருந்து இன்னொரு பிளேயரில் பிரதி எடுத்து, அதை யாரோ யூரியூப்பில் ஏற்றியிருந்தால் பிழை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கீபோட்டில் தொட்டுப் பாருங்கள். பாட்டு இரண்டு கட்டையிலும் சேராமல் இரண்டரையிலும் சேராமல் நடுவில் நின்றால் ஓட்டத்தில் பிழை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வேகம் கூடியதால் தாளமும் விரைந்து, நிதானமாகச் சொல்ல வேண்டிய வரி ஓடிப்போய்விடும். கேட்பவர் அதையே மூலப் பாட்டு என்று நினைத்துக்கொள்வார்.

ஸ்பூல் ரேப் கிடைத்தால் ஆசையில் உடனே மெஷினில் போடாதீர்கள். கொழும்பின் ஈரத்தில் பல ஆண்டு கிடந்த ரேப்பில் பூஞ்சணம் இருக்கலாம், பூச்சு பிசுபிசுத்து ஒட்டலாம். ஒருமுறை ஓடவிட்டால் அந்தப் பூச்சு உரிந்து மெஷினின் வாசிப்புத் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்தப் பதிவு முடிந்தது. தெரிந்த ஒலிப்பதிவாளரிடம் கொடுத்து எண்ணிமப்படுத்திய பிறகு கேளுங்கள்.

சரியான சுருதி கண்டுபிடித்த பின்னும் அதில்தான் பாட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆண் குரலில் இரண்டு கட்டையில் இருந்த பாட்டை ஒரு பெண் பாடினால் அவருடைய சுருதிக்கு மாற்றத்தான் வேண்டும். பழைய சுருதியைப் பிடித்துக்கொண்டு பல்லவியின் முதற் சொற்களை அடிக்குரலில் முனகவிடுவதில் யாருக்கும் மரியாதை இல்லை.

வரி கேட்காவிட்டால் வேறென்ன இருக்கிறது?

எனக்கு மிகப் பெரிய பிழையாகத் தெரிவது இது. இளம் பாடகர்களுக்கு வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டி போனுக்கு அனுப்புகிறார்கள். அந்த எழுத்தில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்று, னகரமும் ணகரமும் ஒன்று. பாடகர் பார்த்தபடி பாடுகிறார். தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையாக இருந்தாலும் வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்து, பக்கத்தில் இருந்து நான்கு தரம் வாசிக்க வையுங்கள். பாட்டை அதன்பிறகு பழகலாம்.

காதால் கேட்டு எழுதிய வரியை ஒருவர் மட்டும் எழுதி முடித்துவிடக் கூடாது. இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிட்டால் எந்த இடங்கள் சந்தேகம் என்று தானாகத் தெரியும். யாழ்ப்பாணப் பேச்சிலோ மட்டக்களப்புப் பேச்சிலோ மலையகப் பேச்சிலோ எழுதிய பாட்டை 'திருத்தி' எழுத்துத் தமிழாக்கும் ஆசிரியர்களிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். அவர் வேண்டுமென்றுதான் அப்படி எழுதினார். நேரம் போதாது என்று இரண்டாம் சரணத்தை வெட்டுவதும் இந்த வகைதான். விஷயம் பெரும்பாலும் இரண்டாம் சரணத்தில்தான் இருக்கும்.

அடுத்தது சவுண்ட். கல்யாண வீட்டுக்குச் செய்வதுபோல் ஒக்டபாட் என்ற மின் தாளக் கருவியும் பேஸும் மேலே, குரல் கீழே என்று வைத்தால் பின்வரிசைக்கு மெட்டு மட்டும் போகும், சொல் போகாது. சவுண்ட் செக்கின்போது பாட்டுத் தெரியாத ஒருவரைக் கடைசி வரிசையில் பேனையும் தாளுமாக இருத்தி, கேட்கிற வரியை எழுதச் சொல்லுங்கள். பாதிகூட எழுத முடியவில்லை என்றால் வாத்தியங்களைக் குறைக்க வேண்டும். வெறும் மண்டபத்தில் ஒலி முழங்கும், சனம் நிறைந்தால் கொஞ்சம் அடங்கும்; அதை நம்பி இந்தச் சோதனையைக் கைவிடாதீர்கள்.

திரையில் வரிகளைக் காட்டுவது நல்ல யோசனை, பின்னால் திருமணப் படமும் பிறந்தநாள் படமும் ஓடாத வரைக்கும். ஒரு சிறு எச்சரிக்கை: வீட்டில் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய வரி மண்டபத்து மடிக்கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி நிற்கும். யூனிகோட்டில் தட்டி, படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றிக் கொண்டுபோங்கள்.

பொன்னாடை

சரஸ்வதி மண்டபமோ கதிரேசன் மண்டபமோ தமிழ்ச் சங்கமோ, எங்கே வைத்தாலும் இந்த வியாதி வந்துவிடுகிறது. அழைப்பிதழில் 4.30. மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, அனுசரணையாளருக்கு ஒன்று, பிரதம விருந்தினருக்கு ஒன்று, பிறகு பொன்னாடை. முதற் பாட்டு தொடங்க ஆறேமுக்கால் ஆகும். கொட்டாஞ்சேனைக்கும் வத்தளைக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எட்டரைக்கு எழும்பத் தொடங்குவார்கள். கடைசிக்கென்று ஒதுக்கி வைத்த நல்ல பாட்டுகள் வெறும் கதிரைகளுக்குப் பாடப்படும். இரவில் ஒலிபெருக்கி அனுமதிக்கு நேர எல்லை உண்டு என்பதால் இழுத்துப் பிடிக்கவும் இடமில்லை.

பாட்டோடு தொடங்குங்கள். உரைகளை இடையிடையே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள் வையுங்கள். பேச அழைக்க வேண்டியவர் அந்தப் பாட்டின் ஒலிப்பதிவில் தபேலா வாசித்தவர், அல்லது பாடலாசிரியரோடு ஒரே அறையில் வேலை செய்த அறிவிப்பாளர். அவர்களுக்கு வயது போய்விட்டது. மேடை ஏற முடியாவிட்டால் வீட்டுக்குப் போய் போனில் பதிவு செய்து போடலாம். தொகுத்து வழங்குபவர் "அடுத்து ஓர் அருமையான பாடல்" என்பதைவிட, அந்தப் பாட்டின் இரண்டு வரியை நிதானமாக வாசித்துவிட்டு ஒதுங்கினால் போதும்.

கொழும்பு வாத்தியக் குழுக்களில் சிங்களக் கலைஞர்கள் இருப்பது சாதாரணம். நம்மவரான ஆர். முத்துசாமி சிங்களச் சினிமாவுக்கு இசையமைத்த ஊர் இது. அந்தக் கலைஞர்களுக்கு ஸ்வரத்தாளை மட்டும் நீட்டாமல் பாட்டு எதைப்பற்றியது என்று இரண்டு வசனம் சிங்களத்தில் சொல்லிவிடுங்கள். அப்போது சோகப் பாட்டுக்கு இடையிசையில் துள்ளல் வராது. நன்றியுரையில் 'வாத்தியக் குழுவினர்' என்று மொத்தமாகச் சொல்லாமல் பெயர் சொல்லுங்கள்.

அனுமதி, பணம், நாள்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும், பாட்டைச் சிதைக்கக் கூடாது என்பதும் அந்த உரிமைக்குள் வரும். மனைவி சம்மதித்தால் போதும் என்று நினைக்காமல் உரித்தாளிகள் (வாரிசுகள்) எல்லாரிடமும் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது. இசையமைப்பாளர் தரப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். பாடலாசிரியர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்து வேலையின் பகுதியாக எழுதிய பாட்டென்றால் பொருளாதார உரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கக்கூடும். நேரலையாக ஒளிபரப்பப் போகிறீர்கள் என்றால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

டிக்கெட் விற்றால் மாநகர சபையின் களியாட்ட வரியை முன்கூட்டியே விசாரியுங்கள். சேரும் பணம் யாருக்கு என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் வரும் கதைகள் குடும்பத்தைத்தான் முதலில் சுடும்.

நாள் வைக்கும்போது ஆண்டு நினைவு என்று ஆங்கிலத் திகதியைப் பிடித்துக்கொள்வார்கள். சைவக் குடும்பம் என்றால் திவசம் திதியில் வரும். அந்தக் கிழமையில் வீட்டார் வேறு அலுவலில் இருப்பார்கள். கிறிஸ்தவரோ முஸ்லிமோ என்றால் விளக்கேற்றலும் மாலை போடலும் அவர்களுக்குச் சரிவருமா என்று கேளுங்கள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் திறந்த வெளி வேண்டாம். மழை உங்களிடம் கேட்டுவிட்டு வராது.

மலர்

நினைவு மலரில் ஆசிச் செய்தி இருபது பக்கம், விளம்பரம் பதினைந்து, பாட்டு நாலு. தலைகீழாக்குங்கள். பாடிய பாட்டெல்லாம் முழு வரிகளோடும் இசையமைத்தவர், பாடியவர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றோடும் வர வேண்டும். ஆண்டு உறுதியில்லாவிட்டால் வெறுமையாக விடுங்கள். ஊகித்துப் போட்ட ஆண்டை அடுத்த மலர்க்காரர் அப்படியே பார்த்தெழுதுவார். நிகழ்ச்சியை மிக்சரிலிருந்து நேரே பதிவு செய்யச் சொல்லுங்கள், சபையில் பிடித்த போன் வீடியோ எதற்கும் உதவாது. பதிவையும் மலரையும் மேலே சொன்ன 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பின்னட்டையில் ஒரு மின்னஞ்சல் முகவரி போட்டு, "திருத்தம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி. நிச்சயமாக எழுதுவார்கள்; முதற் கடிதம் பெரும்பாலும் கனடாவில் இருக்கும் மைத்துனரிடமிருந்து, கொஞ்சம் கோபமாகத்தான் வரும். அதில் இன்னும் இரண்டு பாட்டு இருக்கலாம்.