குடுவையிலிருந்து ரியாக்டருக்குப் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு ஹைதராபாத்துக்கு ரயில் ஏறிய தம்பி ஒருவன் போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தான். "அண்ணாச்சி, நாலாவது ஸ்டெப்புல ஈல்டு 92 வந்துட்டு. நாளைக்கே ஸ்கேல்-அப் கேக்கலாம்லா?" கிடைக்க வேண்டியதில் 92 சதவீதப் பொருள் கைக்கு வந்துவிட்டது, அதைப் பெரிய அளவில் செய்யக் கேட்கலாமா என்கிறான். குரலில் அத்தனை சந்தோஷம். நான் மூன்று கேள்வி கேட்டேன். ரீஏஜென்ட்டை, அதாவது வினை நடக்கச் சேர்க்கும் வேதிப்பொருளை, சேர்க்க எவ்வளவு நேரம் ஆச்சு? சேர்க்கும்போது எத்தனை டிகிரி ஏறியது? வினை முடிந்த கலவையை ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியில் இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நெல்லைச் சீமையிலிருந்து வருஷா வருஷம் பிள்ளைகள் மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதில் பலர் போய்ச் சேரும் இடம் ப்ராசஸ் டெவலப்மென்ட். புது மூலக்கூறு கண்டுபிடிக்கிற வேலை இல்லை இது. ஒருவர் கிராம் கணக்கில் செய்து காட்டியதை, டன் கணக்கில், ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே தரத்தில், யாருக்கும் காயம் படாமல் செய்வதற்கு வழி கண்டுபிடிக்கிற வேலை. இருபது வருஷத்தில் நான் செய்த தவறுகளையும் பக்கத்து மேசையில் பார்த்த தவறுகளையும் சொல்கிறேன்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆளைக் கொல்வது அதுதான். 100 எம்.எல். குடுவையிலிருந்து, ஆலையில் வினை நடத்தும் பெரிய கலனான 1,000 லிட்டர் ரியாக்டருக்குப் போனால் கொள்ளளவு பத்தாயிரம் மடங்கு கூடுகிறது. வெப்பம் வெளியேற வேண்டிய சுவர் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஒரு லிட்டர் கலவைக்கு எவ்வளவு சுவர் என்று கணக்குப் போட்டால், சுமார் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். குடுவையில் 'லேசாகச் சூடாச்சு' என்று நீங்கள் நோட்டில் எழுதியது, ரியாக்டரில் கொதித்து மேலே வரும்.

என் ஆச்சி உடன்குடிப் பக்கம் விடிலிக் குடிசையில் பதனி காய்ச்சுவாள். பாகு பதத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவாள். "இப்பவே ஏன் ஆச்சி இழுக்கே?" என்று கேட்டால், "இம்மாம் பெரிய தாச்சிய யாருலே சட்டுன்னு எறக்குறது?" என்பாள். பெரிய பாத்திரத்தில் வெப்பத்தை நினைத்த நிமிஷத்தில் நிறுத்த முடியாது. ரியாக்டரும் அப்படியேதான். ரியாக்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் குளிர்ந்த தண்ணீரைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் கலவை இறங்கப் பல நிமிஷம் ஆகும். ஐஸ் வாளியில் குடுவையை முக்குகிற வசதி அங்கே இல்லை.

இங்கே நடக்கும் பெரிய தவறு, 'குளிர வைத்துச் சேர்த்தால் பயமில்லை' என்ற எண்ணம். பூஜ்ஜியம் டிகிரியில் ரீஏஜென்ட் முழுவதையும் ஊற்றுகிறோம், தெர்மாமீட்டர் அசையவில்லை, நிம்மதி. உண்மையில் அந்தக் குளிரில் வினை தொடங்கவே இல்லை. எல்லாம் உள்ளே சேர்ந்து கிடக்கிறது. அப்புறம் மெதுவாகச் சூடேற்றும்போது ஒரே மூச்சில் கிளம்புகிறது. ஊற்ற ஊற்ற வினை நடக்கும் வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பதே சரி. அப்போது வெப்பம் கூடினால் சேர்ப்பதை நிறுத்தினால் போதும். பாதி சேர்த்த நிலையில் ஒரு சாம்பிள் எடுத்து, கலவையில் எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் போட்டுப் பாருங்கள். போட்டது தீர்ந்துகொண்டு வருகிறதா, சேர்ந்து கிடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய ஆலை இருந்தது. பெட்ரோலில் கலக்கும் ஒரு மாங்கனீஸ் சேர்மத்தை அங்கே தயாரித்தார்கள். 2007 டிசம்பர் 19 அன்று அவர்களுடைய 175-வது பேட்ச். ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் ரியாக்டரில் குளிரூட்டும் தண்ணீர் நின்றுபோனது, மாற்று ஏற்பாடு இல்லை. வெப்பம் ஏறி 199 டிகிரியைத் தாண்டியதும், சோடியம் உலோகம் கரைப்பானான டைகிளைமோடேயே வினைபுரியத் தொடங்கியது. அப்படி ஓர் இரண்டாவது வினை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முன் 174 பேட்ச் ஓடியிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. இத்தனை முறை நன்றாகத்தானே வந்தது என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரும்பிய வினையின் வெப்பத்தை மட்டும் அளந்தால் போதாது. அதற்கு மேல் எந்த வெப்பநிலையில் கலவை தானாகச் சிதையத் தொடங்கும் என்பதையும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி., கேலோரிமீட்டர் கருவிகளில் போட்டுப் பார்க்க வேண்டும். சோடியம் ஹைட்ரைடை டி.எம்.எப். என்ற கரைப்பானில் சூடாக்குகிற பழைய செய்முறையைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தி வேறு வழி தேடுங்கள். அந்தச் சேர்க்கை கட்டுமீறிப் போய் விபத்தானது ஒன்றிரண்டு தடவை அல்ல.

வாயுவை நாம் மறந்தேபோகிறோம். 60 சதவீத சோடியம் ஹைட்ரைடு ஒரு கிலோ முழுவதும் வினைபுரிந்தால் 600 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வரும். குடுவையில் பலூன் கொஞ்சம் உப்பியதோடு முடிந்த விஷயம், ரியாக்டரில் வாயு வெளியேறும் வென்ட் குழாயின் அளவைக் கேட்கும். குவென்ச் செய்யும்போது, அதாவது வினையை நிறுத்தும்போது, வரும் நுரையும் அப்படித்தான். (பதனி பொங்கினால் ஆச்சி ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், நுரை அடங்கிவிடும். மருந்தில் அப்படி எதையும் போட முடியாது, மெதுவாகச் சேர்ப்பது ஒன்றே வழி.)

அடுத்து நேரம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு எஸ்டரைக் காரத் தண்ணீரால் கழுவும் ஸ்டெப். பிரிபுனலில் பத்து நிமிஷம், தெளிவாக இரண்டு அடுக்கு. பிளான்ட்டில் 200 லிட்டர் போட்டார்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவே அழுக்கு நுரைபோல ஒரு படலம் நின்றுகொண்டு பிரியவே மாட்டேன் என்றது. ஷிப்ட் மாறியது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காலையில் எஸ்டரில் ஒரு பகுதி நீராற்பகுப்பு ஆகி அமிலமாகியிருந்தது. பேட்ச் போச்சு. ஆபரேட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. கார நிலையில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நான் எழுதித் தரவே இல்லை. அன்றிலிருந்து, எந்த ஸ்டெப்பாக இருந்தாலும் ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் கலவையை எடுத்து 24 மணி நேரம் வைத்துப் பார்க்காமல் நான் பிளான்ட்டுக்குக் கொடுப்பதில்லை. சேர்ப்பது, சூடேற்றுவது, வடிகட்டுவது எல்லாமே அங்கே மணிக்கணக்கு. குடுவையிலேயே அந்த நேரத்தை வேண்டுமென்றே இழுத்துச் செய்து பாருங்கள்.

ஆய்வகத்தில் கை பழகிவிட்ட சில வேலைகள் பிளான்ட்டில் கிடையாது. கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டாவேப் கருவியில் முழுக்க வற்றவிடுவது, சோடியம் சல்பேட் போட்டு ஈரம் எடுப்பது, சிலிக்கா நிரப்பிய குழாயில் ஓட்டிப் பிரிப்பது இதெல்லாம். முதல் நாளிலிருந்தே விட்டுவிடுங்கள். கரைப்பானையும் மாற்ற வேண்டிவரும். டையெத்தில் ஈதர் 35 டிகிரியில் கொதிக்கும். நம்மூர் சித்திரை வெயிலுக்கு அது சாதாரண மதியம். ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன், ஈதருக்குப் பதில் எம்.டி.பி.ஈ. அல்லது 2-மெத்தில் டி.எச்.எப். கரைப்பானை எடுங்கள். மருந்தில் ஹெக்சேன் 290 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 290 பங்கு) வரைதான் மிச்சமிருக்கலாம், ஹெப்டேனுக்கு 5,000 வரை விடுகிறார்கள். கரைப்பானின் அளவையும் பாருங்கள். சில்டெனாபில் (வயாக்ரா) மருந்தை 1990-ல் முதலில் செய்தபோது கிலோவுக்கு 1,300 லிட்டர் கரைப்பான் ஆனது. 1997-ல் வணிகத் தயாரிப்புக்கு வந்தபோது அதை 22 லிட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சின்ன மாற்றம்தானே என்று சொல்லிக்கொண்டு செய்கிற மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மருந்து 2018-ல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. மூலக்கூறில் டெட்ரசோல் என்ற வளையத்தைக் கட்டும் ஸ்டெப்பில் கரைப்பானை டி.எம்.எப். என்று மாற்றியிருந்தார்கள், அதில் மிஞ்சிய அசைடு என்ற ரீஏஜென்ட்டை அழிக்க சோடியம் நைட்ரைட் போட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் எல்லாரும் செய்வதுதான். டி.எம்.எப்.பிலிருந்து வந்த டைமெத்தில் அமீனும் நைட்ரைட்டும் சந்தித்ததில் என்.டி.எம்.ஏ. உண்டானது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் நாளொன்றுக்கு 96 நானோகிராமுக்கு மேல் அனுமதி இல்லாத பொருள். வழக்கமான தூய்மைச் சோதனையில் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அதைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ரீஏஜென்ட்டை மாற்றும்போது பேப்பரை எடுத்து, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எழுதி, எது எதோடு சேர்ந்தால் என்ன வரும் என்று கோடு போட்டுப் பாருங்கள். அரை நாள் போதும். அந்த மாத்திரையை நம் வீட்டுப் பெரியவர்களும்தான் சாப்பிடுகிறார்கள்.

கடைசியாகப் படிகம். பலரும் இதை வடிகட்டுகிற வேலையின் ஒரு பகுதி என்று நினைத்துக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆசை அதிகம். அதே பதனிப் பாகுதான். கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி, நூல் கட்டிய பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் பனங்கற்கண்டு. மருந்துப் பொருளும் எப்படிக் குளிர்விக்கிறோம், எந்தக் கரைப்பானில் குளிர்விக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு உருவம் எடுக்கும். ஐஸில் வைத்துச் சட்டென்று இறக்கினால் மாவு மாதிரி விழும். குடுவையில் ஐந்து நிமிஷத்தில் வடிந்துவிடும் அந்த மாவு, பிளான்ட்டில் பில்டர் துணியை அடைத்துக்கொண்டு ஒரு நாள் பூரா உட்கார்ந்திருக்கும். அழுக்கையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும்.

ரிட்டோனவிர் கதையை எல்லாரும் படிக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கான அந்த மருந்து 1996-ல் சந்தைக்கு வந்தது. 1998-ல், அதுவரை யாரும் பார்த்திராத இரண்டாவது படிக உருவம் தலைகாட்டியது. அது கரைதிறன் குறைந்தது, ஆனால் அதிக நிலைப்பு உடையது. அதனால் ஒருமுறை தொழிற்சாலைக்குள் வந்த பிறகு பழைய உருவத்தைச் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. கேப்சூலை நிறுத்திவிட்டு மருந்தை வேறு வடிவில் உருவாக்கி மறுபடி கொண்டுவர வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் தவித்தவர்கள் நோயாளிகள்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, வேறு வேறு கரைப்பானில், வேறு வேறு வேகத்தில், வேண்டுமென்றே நிறையப் படிகம் விழவைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும், படிக உருவத்தைக் காட்டும் எக்ஸ்-ரே தூள் சோதனைக்கு அனுப்புங்கள். எந்த டிகிரியில் கலங்கியது, விதைப் படிகம் எவ்வளவு போட்டீர்கள், கலக்கி எந்த வேகத்தில் ஓடியது என்பதை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். சொதப்பிய பேட்ச்சுக்கும் அதே மாதிரி எழுதுங்கள், அதில் ஒட்டிக்கொண்டு வந்த ஈரமான களிமண் மாதிரிப் பொருளையும் தூக்கி எறியாதீர்கள். போன் செய்த தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னதும் அதுதான். 92 சதவீதம் வந்த அந்தப் பேட்ச்சில் ஒரு சிட்டிகை, சரியாக வராத முந்தின பேட்ச்சில் ஒரு சிட்டிகை, தனித்தனிச் சின்ன பாட்டிலில் போட்டு, பேட்ச் எண்ணும் தேதியும் கரைப்பானும் எழுதி ஒட்டி வைக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் இரண்டு பாட்டிலையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஒன்று ஊசி ஊசியாக இருந்தது, இன்னொன்று வெறும் தூள்.